ஒன்றே கால் மணி நேரத்து ஏணி

“ஏணின்னா சாஞ்சுதான் நிக்கும். அதுல என்னம்மா குத்தம்?” என்றார் பெரியவர்.

மருமகள் கையிலிருந்த சிவப்பு அட்டையை மேஜைமேல் வைத்து, அது பறக்காமலிருக்கப் பசை டப்பாவை அதன்மேல் தூக்கி வைத்தாள். அந்த அட்டை பத்தொன்பது நாளாக ஓர் ஏணியோடு கட்டப்பட்டுப் பட்டறை முழுவதும் சுற்றி வந்திருந்தது. ஏணியை யார் எப்போது கையில் எடுத்தார்கள், எப்போது கீழே வைத்தார்கள் என்பதெல்லாம் அதில் பென்சிலால் எழுதியிருந்தது.

“சாயறதைச் சொல்லல மாமா, காத்திருக்கிறதைச் சொல்றேன். இது மரமா உள்ள வந்ததுலேருந்து ஏணியா வெளியே போறதுக்குப் பத்தொன்பது நாள் ஆயிருக்கு. அதுல இது மேல வேலை நடந்தது ரெண்டு மணி பத்து நிமிஷம். மிச்சம் பதினெட்டே முக்கால் நாள், அடுத்து யாரு வருவாங்கன்னு செவுத்துல சாஞ்சு பாத்துக்கிட்டிருந்திருக்கு.”

இரண்டு மணி பத்து நிமிடத்தைப் பத்தொன்பது வேலைநாளால் வகுத்தால் நூற்றுக்கு ஒன்று புள்ளி நாலு வருகிறது என்றாள். பெரியவர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில்கூட முப்பத்தைந்துக்குக் கீழே வாங்கியவர் அல்ல. அவர் முதுகு நாற்காலியில் படாமல் உட்காருகிற மனிதர். இதைக் கேட்டதும் இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்தார்.

இந்தக் கணக்கெல்லாம் மருமகள் சும்மா கிளப்பியதல்ல. மின்கம்பி இழுக்கும் கம்பெனி ஒன்றுக்கு எண்ணூறு மர ஏணிகள் தேவைப்பட்டன. அலுமினிய ஏணியில் நின்று மின்கம்பியைத் தொடுகிறவன் திரும்பி இறங்கி வரமாட்டான் என்பதால் மரம்தான் வேண்டும் என்று அவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். ஊரில் மர ஏணி செய்யும் பட்டறைகள் இரண்டே இரண்டு. எந்தப் பட்டறை நேரத்தை வீணாக்காமல் வேலை செய்கிறதோ அதற்குத்தான் ஆர்டர். மூன்று வாரம் கழித்து வியாழக்கிழமை எங்கள் அதிகாரி வந்து, தானே ஓர் ஏணியைத் தேர்ந்தெடுத்துக் கடிகாரத்தோடு பின்தொடர்வார் என்று முந்தின நாள்தான் கடிதம் வந்திருந்தது. கடைசி வரியில், இன்னொரு பட்டறை தன் கணக்கை ஏற்கெனவே அனுப்பிவிட்டதாகவும் தகவல் இருந்தது. ஓர் ஏணிக்கு வேலை ஒன்றே கால் மணி நேரம். மொத்த நேரம் இரண்டு மணி. நூற்றுக்கு அறுபத்திரண்டு.

அந்த இன்னொரு பட்டறை பெரியவருடைய தம்பியுடையது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் சொத்துப் பிரிந்தபோது தம்பி எதற்கும் சண்டை போடவில்லை. ரம்பம், துளை போடும் இயந்திரம், கட்டடம் எல்லாம் அண்ணனுக்கே இருக்கட்டும் என்றார். அப்பா காலத்து முத்திரை இரும்பும் மூத்தவருக்கே என்று ஒப்புக்கொண்டார். ஐந்து படி ஏணி ஒன்றைச் சின்னதாகச் செதுக்கிய இரும்பு அது. அதைக் காய்ச்சி மரத்தில் ஒற்றினால்தான் அந்த வீட்டு ஏணி. எல்லாம் நல்லபடியாக முடிந்து எழுந்திருக்கும்போது, பத்துப் பேர் முன்னால் தம்பி ஒரு வார்த்தை சொன்னார்: “அண்ணே, உங்க பட்டறையில வேலை நடக்கிறதைவிட ஏணி காத்திருக்கிறதுதான் ஜாஸ்தி.”

அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. ஊரின் மறுகோடியில் தம்பி ஒரு கொட்டகை போட்டார். நட்சத்திர முத்திரை வைத்தார். எட்டே வருஷத்தில் கடைத்தெருவில் பாதி ஏணி நட்சத்திர ஏணியாகிவிட்டது. பெரியவர் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். ஆனால் அந்த வார்த்தை உண்மை என்று இப்போது சொந்த மருமகளே, அதுவும் தசமப் புள்ளி வைத்து, எழுதிக் கொடுப்பதை எப்படிப் பொறுப்பது?

அவர் பட்டறையின் நடுவில் வந்து நின்று எல்லாரையும் கூப்பிட்டார்.

“வர்ற வியாழன் இல்ல, அதுக்கடுத்ததுக்கு அடுத்த வியாழன் அதிகாரி வர்றாங்க. சின்னவன் அறுபத்திரண்டு சொல்லியிருக்கான். அவன் கணக்கை நாம எட்டலேன்னா, இந்த முத்திரையை நானே அவன்கிட்ட அனுப்பிடுவேன். அதுக்கப்புறம் இந்த வீட்டு ஏணின்னு ஒண்ணு இல்ல.”

விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் மச்சினன், அதாவது பெரியவர் மனைவியின் தம்பி, குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறி வெளியே போய்விட்டான். பாவம், அவனுக்கும் குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறதே என்று பெரியவர் நெகிழ்ந்தார்.

முதல் ஏற்பாடு பெரியவருடையதே. சிவப்பு அட்டை கட்டிய ஏணி எங்கே வந்தாலும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அதை முடிக்க வேண்டும் என்றார். மறுநாள் காலை ஏணிக்காக எடுத்த பக்கச் சட்டம் ஒன்றில் அட்டையைக் கட்டினார்கள். அதற்குக் கிடைத்த மரியாதை மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைக்காது. ஒருவர் வழி விலக்கிக்கொண்டு முன்னால் போனார். இரண்டு பேர் சுமந்தார்கள். துளை போடுகிறவர் இயந்திரத்தைத் துடைத்து வைத்துக்கொண்டு நின்றார். வார்னிஷ்காரர் வார்னிஷ் அடித்துவிட்டு, காயவேண்டுமே என்று அதன் இரு பக்கமும் ஆள் நிறுத்தி அட்டைப்பெட்டியால் விசிறச் சொன்னார். ஐந்தரை மணி நேரத்தில் ஏணி முடிந்தது. நூற்றுக்கு முப்பத்தொன்பது.

பெரியவர் மருமகளைப் பார்த்தார். பார்வையில், இப்போது என்ன சொல்கிறாய் என்பது இருந்தது.

“நல்லது மாமா. இன்னிக்கு மத்த ஏணி எத்தனை முடிஞ்சுது?”

மற்ற ஏணி ஒன்றுகூட முடியவில்லை. முடிகிற நிலையில் இருந்தவையும் விசிற ஆள் போனதால் அப்படியே நின்றுவிட்டன. போதாக்குறைக்கு, எந்த ஏணியைப் பின்தொடர்வது என்று அதிகாரிதான் முடிவு செய்வார் என்பதை மருமகள் ஞாபகப்படுத்தினாள்.

அப்படியானால் எல்லா ஏணிக்கும் அட்டை கட்டு என்றார் பெரியவர்.

இருநூற்றுப் பத்து ஏணிகளுக்கும் சிவப்பு அட்டை தொங்கியது. எல்லாமே அவசரம் என்றானபோது எதை முதலில் எடுப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எடுக்கும்போது ஒரு நேரம், வைக்கும்போது ஒரு நேரம் எழுத வேண்டும். பட்டறையில் இருந்தவை நான்கு பென்சில்கள். பென்சிலுக்காக ஆட்கள் காத்திருந்தார்கள்; ஆட்களுக்காக ஏணிகள் காத்திருந்தன. மேஸ்திரி நேர்மையான மனிதர். அட்டை எழுதும் நேரத்தை வேலையில் சேர்ப்பதா, காத்திருப்பில் சேர்ப்பதா என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றார். அதைக் கேட்க வந்த நேரத்தை எதில் சேர்ப்பது என்றும் கேட்டார்.

மருமகள் அட்டைகளைக் கழற்றச் சொன்னாள். பெரியவர் ஒரு நாள் முழுக்க யோசித்தார். மூன்றாவது யோசனை அவருக்குக் காலையில் பல் விளக்கும்போது தோன்றியது. சாய்த்து வைக்கச் சுவர் இருப்பதால்தானே சாய்த்து வைக்கிறார்கள்? சுவர் ஓரமெல்லாம் வெள்ளைக்கோடு போட்டு, கோட்டுக்குள் ஓர் ஏணிகூட இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டார்.

உத்தரவு அப்படியே நிறைவேறியது. சாயங்காலம் பட்டறை, பார்க்கக் கண்ணாடிபோல இருந்தது. பெரியவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்தார். பிறகு வீட்டுக்குப் போனார். வாசல் கதவு பாதிக்குமேல் திறக்கவில்லை. கூடத்தில் ஒன்பது ஏணி படுத்திருந்தது. மாடிப்படியில் ஆறு. குளியலறையில் மூன்று. மனைவி ஒன்றைக் குறுக்கே கட்டித் துணி உலர்த்தியிருந்தார்.

“உங்க மேஸ்திரிதான் கொண்டாந்து வெச்சிட்டுப் போனாரு” என்றார் மனைவி. “பட்டறைக் கேட்டைத் தாண்டிட்டா கடிகாரம் ஓடாதாமே. ஏங்க, நானும் கேட்டைத் தாண்டித்தான் இருக்கேன். எனக்கும் வேலை நேரம் ஓடாதுன்னு வெச்சுக்கலாமா? ராத்திரிச் சாப்பாட்டை நீங்களே பாத்துக்கறீங்களா?”

மறுநாள் ஏணிகள் பட்டறைக்குத் திரும்பின. அவற்றோடு நான்கு துண்டும் ஒரு தலையணை உறையும் போய்விட்டன என்று வீட்டில் தனியாக ஒரு புகார் இருந்தது.

இதற்கிடையில் பெரியவர் மேஸ்திரியை அனுப்பிக் கடைத்தெருவிலிருந்து ஒரு நட்சத்திர ஏணியை வாங்கிவரச் சொன்னார். எதிராளியைத் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? கதவைச் சாத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஏணியை நீளவாக்கில் கிடத்தி அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். மேஸ்திரியும் மருமகளும் பக்கத்தில் நின்றார்கள்.

நேரம் ஆக ஆக அவர் முகம் மாறியது.

“வேலை சுத்தமா இருக்கு” என்றார், பல்லைப் பிடுங்கிக் கொடுப்பதுபோல. “அப்பா கத்துக்குடுத்த கை. எங்க போகும்?”

பிறகு குறைகளைத் தேட ஆரம்பித்தார். தேடினால் கிடைக்காமல் போகுமா? மூன்றாம் படி அரை நூல் இறங்கியிருந்தது. “பாத்தியா மேஸ்திரி, அவசரம். ஒன்றே கால் மணி நேரத்துல ஏணி பண்ணினா இப்படித்தான்” என்றார். மேஸ்திரி தரையைப் பார்த்தார். தம் துளை இயந்திரத்திலும் மூன்றாம் துளை அரை நூல் இறங்குவதையும், ஆறு மாதமாக அதைச் சரிசெய்ய நினைத்து மறந்துபோவதையும் அந்தச் சமயத்தில் சொல்ல வேண்டாம் என்று அவருக்குப் பட்டது.

நட்சத்திர முத்திரை இருந்த இடத்தைப் பெரியவர் கட்டைவிரலால் தடவினார். அங்கே மரம் லேசாகக் குழிந்திருந்தது. “இரும்பை இந்த அழுத்தா அழுத்துவான்? சின்ன வயசுலேருந்தே அவனுக்குக் கை பாரம்” என்றார். அதில் கொஞ்சம் பாசமும் இருந்தது. உடனே அதை மறைக்க இருமினார்.

மருமகளுக்கு மட்டும் ஒன்று பிடிபடவில்லை. வார்னிஷ் காயவே மூன்றரை மணி நேரம் ஆகும்போது மொத்த ஏணியும் இரண்டு மணி நேரத்தில் எப்படி முடியும் என்று கேட்டாள்.

“அவன் எந்தக் கடையில வார்னிஷ் வாங்குறானோ” என்றார் பெரியவர். வார்னிஷ் கடையை விசாரித்துச் சொல்லும்படி மச்சினனிடம் சொல்லி அனுப்பினார். மச்சினன் அன்றைக்கே வெளியூர் போய்விட்டான். வாரம் ஐம்பது ஏணியில் நாற்பதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளும் ஏஜென்ட் ஒருவரை எட்டு வருஷமாகப் பிடித்து வைத்திருப்பவன் அவன்தான். அந்த ஏஜென்ட்டை நேரில் பார்க்க வேண்டும் என்று பெரியவர் எப்போது சொன்னாலும், “அவர் ஆளையே பாக்க மாட்டார் அத்தான், சரக்கைத்தான் பாப்பார்” என்பான். வியாழக்கிழமை தோறும் ஏஜென்ட்டின் லாரி வரும். அதன் டிரைவர் “எத்தனைங்கய்யா?” என்று கேட்பார். நாற்பது என்றால், “சரிங்கய்யா” என்பார். எட்டு வருஷத்தில் அவர் வேறு ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

நாள் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அப்போதுதான் உப்புத்தாள் விவகாரம் நடந்தது.

காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க முடியாவிட்டால், வேலை நேரத்தைக் கூட்டினால் என்ன என்று பெரியவருக்குத் தோன்றியது. மருமகளிடம் சொல்லாமல் மேஸ்திரியிடம் மட்டும் சொன்னார். ஏணி எங்கே நின்றாலும் ஓர் ஆள் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு போய் அதன் படிகளைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த ஆள் வரும்வரை நிறுத்தக் கூடாது. தேய்ப்பதும் வேலைதானே?

நாலு நாள் பட்டறை முழுக்கச் சரக் சரக் என்று ஒரே சத்தம். கணக்கு ஏறிக்கொண்டே போனது. நாற்பது, ஐம்பத்தைந்து, எண்பத்தொன்று. பெரியவர் எண்பத்தொன்றைச் சாக்பீஸால் கரும்பலகையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். அந்தச் சந்தோஷத்தில், ஏறிக் காட்டு என்று மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி ஏறினார். முதல் படி தாங்கியது. இரண்டாம் படி பென்சில் கனத்துக்கு வந்திருந்தது. அது ஒடிந்து மேஸ்திரி தரைக்கு வந்தார். உயரம் அதிகமில்லை, ஆனால் மேஸ்திரிக்கு எடை அதிகம்.

மருமகள் வந்து, ஒடிந்த படியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மேஸ்திரியைத் தூக்கிவிட்டாள். பிறகு கரும்பலகைக்குப் போய் எண்பத்தொன்றைத் துணியால் துடைத்தாள். கோபப்படவில்லை. அதுதான் பெரியவருக்குச் சங்கடமாக இருந்தது.

“கை அசைஞ்சா வேலை ஆயிடாது மாமா. வாங்குறவனுக்கு எது வேணுமோ அதைச் செஞ்சாத்தான் வேலை. அவன் தேவைப்படாததை நாள் முழுக்கச் செஞ்சாலும் அது காத்திருப்புதான். சும்மா உக்காந்து காத்திருக்காம, வேர்த்துக்கிட்டுக் காத்திருக்கோம், அவ்வளவுதான்.”

பெரியவர் மெலிந்துபோன முப்பத்திரண்டு ஏணிகளையும் பிரித்துப் போடச் சொன்னார். பிறகு, அந்தப் பத்தொன்பது நாள் அட்டையைக் கொண்டுவா என்றார். முதல் தடவையாக அதை முழுக்கப் படித்தார்.

படித்தபோதுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் ஐம்பது ஐம்பதாகச் செய்யும் வழக்கம் அவர் அப்பா வைத்தது. ஐம்பது ஏணிக்கான சட்டத்தையும் அறுத்து முடித்த பிறகுதான் முதல் சட்டம் துளை போடப் போகும். ஆக ஒவ்வோர் ஏணியும் மற்ற நாற்பத்தொன்பதுக்காக ஒவ்வோர் இடத்திலும் நின்றது. அது போகட்டும். கடைசி வரியில் மருமகளின் பென்சில் எழுத்தில் இப்படி இருந்தது: ‘முத்திரைக்காக: ஐந்து நாள்.’

முத்திரை வைப்பது பெரியவர் மட்டும். புதன்கிழமை காலை குளித்து, சலவைச் சட்டை போட்டு, கரி அடுப்பில் இரும்பைக் காய்ச்சி, அந்த வாரத்து ஏணிகளுக்கெல்லாம் அவர் தம் கையால் ஒற்றுவார். வியாழன் முடிந்த ஏணி அடுத்த புதன்வரை நிற்கும். பட்டறை ஆள்கள் எல்லாரும் வேலையை முடித்த பிறகும், அவர் ஒருவருக்காக நின்றிருக்கிறது.

“இதை நீ முதல் நாளே சொல்லியிருக்கலாமே” என்றார்.

“முதல் நாளே எழுதியிருந்தேன் மாமா.”

மறுநாளிலிருந்து ஐம்பது என்ற வழக்கம் போய் ஐந்து ஐந்தாக வேலை நடந்தது. சுவர் ஓரங்கள் யாரும் சொல்லாமலே காலியாயின. பெரியவர் தினமும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காலை முதல் மாலைவரை கரி அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். ஐந்து ஏணி வந்தால் ஐந்துக்கும் உடனே ஒற்றினார். வேர்த்துக் கொட்டியது. முதுகு மட்டும் வளையவில்லை. சலவை செய்கிறவர் வீட்டில், பெரியவருக்கு ஏதாவது கல்யாணமா என்று கேட்டதாக மனைவி சொன்னார்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். ஒல்லியான பெண்மணி. கையில் ஒரு கடிகாரம், ஒரு நோட்டு. காபி வேண்டாம், நாற்காலி வேண்டாம் என்றுவிட்டு, குவியலிலிருந்து ஒரு மரத்தைத் தொட்டு, இது என்றார். காலை எட்டரை மணி. அவர் அந்த மரத்தின் பின்னாலேயே போனார். அறுத்தார்கள், இழைத்தார்கள், துளை போட்டார்கள், படிகளைப் பசை வைத்து இறுக்கினார்கள். யாரும் ஓடவில்லை, யாரும் விசிறவில்லை. வார்னிஷ் காயும்வரை அதிகாரி அதன் முன்னால் நின்றார். பெரியவரும் எதிரில் நின்றார். மூன்றரை மணி நேரம் இருவரும் உட்காரவில்லை. கடைசியில் பெரியவர் இரும்பை எடுத்து ஒற்றினார். புகை அடங்கியபோது மணி மூன்றரை.

“மொத்தம் ஏழு மணி நேரம். வேலை ரெண்டு மணி பத்து நிமிஷம். நூத்துக்கு முப்பத்தொண்ணு” என்றார் அதிகாரி. நோட்டை மூடினார். “மர வேலையில நான் கண்ணால பாத்ததுல இதுதான் அதிகம். ஆனா உங்க தம்பி அறுபத்திரண்டு எழுதிக் கொடுத்திருக்கார். இப்ப அங்கதான் போறேன்.”

மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஒன்று புள்ளி நாலிலிருந்து முப்பத்தொன்று என்பது லேசான விஷயமல்ல என்று சொல்ல நினைத்திருப்பாள். பெரியவர் கையை உயர்த்தித் தடுத்தார். முப்பத்தொன்று அறுபத்திரண்டில் சரிபாதி. அதைத் தெரிந்துகொள்ள அதிகாரியின் நோட்டு தேவையில்லை.

ஆள்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரத்துக்கு முன் இவர்கள் முன்னால்தான் அவர் வாக்குக் கொடுத்திருந்தார். இவர்கள் மறந்துவிட்டதாகப் பாவனை செய்யவும் தயாராக இருந்தார்கள். ஆனால் ஒரு மனிதன் தன் வாக்கை மற்றவர்களுடைய மறதியில் பத்திரப்படுத்தி வைக்க முடியாது. இரும்பைத் தண்ணீரில் முக்கினார். சுர்ரென்றது. துடைத்தார். சலவைத் துண்டில் சுற்றினார். அப்பாவின் கைபட்டு வழுவழுத்த மரப்பிடி மட்டும் வெளியே தெரிந்தது.

வாசலில் வியாழக்கிழமை லாரி நின்றுகொண்டிருந்தது. நாற்பது ஏணியும் ஏற்றிக் கயிறு கட்டியாகிவிட்டது. டிரைவர் கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊரோட அந்தக் கோடிப் பக்கம் போவியா?” என்று கேட்டார் பெரியவர்.

“அத்தான், குடுங்க, நான் கொண்டுபோய்க் கொடுத்துடறேன்.” மச்சினன் எங்கிருந்தோ ஓடிவந்து இரும்பின் மேல் கைவைத்தான். அவன் முகம் வேர்த்திருந்தது. “உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்? டிரைவர், நீ கிளம்புப்பா. நேரமாச்சு. கிளம்பு.”

இந்தத் துக்கத்தில் அவனும் பங்கு கேட்கிறான் என்று பெரியவர் நினைத்துக்கொண்டார். ஆனால் தோல்வியைச் சொந்தக்காரன் கையில் கொடுத்தனுப்புவது மரியாதையல்ல. மச்சினனின் கையை மெதுவாக விலக்கினார். அதிகாரியும், மேஸ்திரியும், மருமகளும் பார்த்துக்கொண்டிருக்க, துண்டோடு இரும்பை டிரைவரிடம் நீட்டினார்.

“சின்னவன் பட்டறை தெரியுமில்ல? போற வழியில அவன் கையிலேயே குடுத்துடு. இந்த வீட்டு முத்திரை இனிமே அவனோடதுன்னு அண்ணன் சொன்னார்னு சொல்லு.”

டிரைவர் துண்டை விலக்கி இரும்பைப் பார்த்தார். அதிலிருந்த ஐந்து படி ஏணியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது.

“ரொம்ப நல்லதாப் போச்சுங்கய்யா. நான் வாராவாரம் கொண்டுபோய் இறக்கற உங்க ஏணியில இருக்கிற இந்த முத்திரையைத் தேய்ச்சு அழிச்சு நட்சத்திரம் வைக்கத்தான் சின்னய்யா பட்டறையில ஒண்ணொண்ணுக்கும் ஒண்ணே கால் மணி நேரம் ஆகுது.”